கணினியைக் காக்கும் படைக்கு நம் உரையாடலில் என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டின் இணையப் பாதுகாப்பை ஆயுதப்படையிடமே முழுவதுமாக ஒப்படைத்துவிட்டால் நல்லது என்று பலர் பேசக் கேட்கிறேன். 2025 மார்ச் மாதம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினி அமைப்புகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் பணயத்தொகை கேட்டதாகவும் அதைத் தர மறுத்துவிட்டதாகவும் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிமே அறிவித்தார். அதைப் படித்தவர்களுக்கு இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் சிகிச்சை பெற்றுவந்த ஒரு மருத்துவ நிலையத்தின் கணினிகள் இதேபோல் முடக்கப்பட்டபோது, அவருடைய பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் எதுவுமே கிடைக்காமல், எழுபத்தெட்டு வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே இந்தத் தாக்குதல்களை இலேசாக நினைக்கும் ஆள் அல்லன் நான்.

ஆனால் இங்கே இருவேறு பணிகள் ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன. தன் ரேடார்களையும் கப்பல்களையும் தகவல்தொடர்பையும் காத்துக்கொள்வதும், விமான நிலையமோ மருத்துவமனையோ கேட்கும்போது வல்லுநர்களை அனுப்பி உதவுவதும் ஆயுதப்படையின் கடமை. அதை யாரும் மறுக்க முடியாது. பொதுமக்களின் தகவல்தொடர்பைக் கண்காணித்து, எந்தச் செய்தி அச்சுறுத்தல், எது அல்ல என்று தீர்மானிப்பதோ முற்றிலும் வேறான பணி. தொழில்நுட்பம் இவ்விரண்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பித் தருவதில்லை. வலையமைப்புக்குள் நுழையும் தீய நிரலைக் கண்டுபிடிக்க அதன் வழியே செல்லும் போக்குவரத்தை ஆராய வேண்டியிருக்கிறது. அப்படி ஆராயும் கருவிக்கு, யார் யாரோடு எப்போது தொடர்புகொண்டார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. அந்தச் சுவரைச் சட்டம்தான் எழுப்ப வேண்டும். எதிரியைத் தேடவும் இரகசியமாகச் செயல்படவும் பயிற்சி பெற்றதுதான் படை. எல்லையில் அது தேவையான குணம். குடிமக்களின் உரையாடலுக்கு நடுவே அந்தக் குணம் வந்து அமர்ந்தால், மாற்றுக்கருத்து உடையவனும் எதிரியாகத் தெரியத் தொடங்குவான்.

நம் அண்டை நாடுகளில் இது நடந்தே இருக்கிறது. 2020 அக்டோபரில் ட்விட்டர் நிறுவனம், தாய்லாந்து அரச இராணுவத்தோடு தொடர்புடையவை என்று கூறி 926 கணக்குகளை நீக்கியது. எதிர்க்கட்சிப் பிரமுகர்களைக் குறிவைக்கவும் அவை பயன்பட்டன என்றும் அது சொன்னது. இராணுவம் அதை மறுத்தது. மியன்மாரில் 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அன்று காலையிலேயே தொலைபேசி, இணைய இணைப்புகளைத் துண்டித்தது. 2025இல், தடைசெய்த தளங்களையும் மறைவாக அணுக உதவும் விபிஎன் சேவையை அனுமதியின்றி நடத்துவதைக் குற்றமாக்கும் சட்டத்தையும் அது கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்குச் சூட்டப்பட்ட பெயரும் இணையப் பாதுகாப்புச் சட்டம்தான். இலங்கையில் 2022 ஏப்ரல் 3ஆம் தேதி, எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்று நொந்த மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்க ஒன்றுகூடவிருந்த வேளையில், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் முதலிய தளங்கள் பல மணி நேரம் முடக்கப்பட்டன. அந்த வேண்டுகோள் பாதுகாப்பு அமைச்சிடமிருந்து வந்தது. அன்று அந்த நாட்டின் கணினிகளை எந்த அயல்நாட்டு எதிரியும் தாக்கிக்கொண்டிருக்கவில்லை.

மலேசியா அந்த நிலையில் இல்லை. நம் ஆயுதப்படை அரசியலில் தலையிட்டதில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த நல்ல மரபைத் தவிர நமக்கு வேறு என்ன காப்பு இருக்கிறது? 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கும் 854ஆம் எண் இணையப் பாதுகாப்புச் சட்டம் அமைத்த தேசியக் குழுவுக்குப் பிரதமர் தலைவர். தற்காப்பு அமைச்சரும் ஆயுதப்படைத் தளபதியும் தேசிய போலீஸ் படைத் தலைவரும் அதில் உறுப்பினர்கள். எதிர்க்கட்சிக்கோ நீதித்துறைக்கோ அதில் சட்டம் ஒதுக்கிய இடம் இல்லை. அரசாங்கமும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று எழுதிவிட்டு, அரசாங்கத்தின்மீது குற்றவழக்குத் தொடுக்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்துவதே இல்லை. மறுபுறம், இணையத் தணிக்கைக்கு அனுமதியளிப்பதாக இச்சட்டத்தில் எதையும் பொருள்கொள்ளக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. அந்த வாசகம் இருக்கும்போதே 2015இல் சரவாக் ரிப்போர்ட் என்ற செய்தித் தளம் முடக்கப்பட்டு, 2018இல் ஆட்சி மாறிய பிறகே திறக்கப்பட்டது. 2024 செப்டம்பரில், ஒரு தளத்தின் பெயருக்குரிய இணைய முகவரியைக் கேட்டறியும் டிஎன்எஸ் வினவல்களை உள்நாட்டு நிறுவனங்களின் வழியே திருப்பிவிடும் உத்தரவு வந்தபோது மக்கள் உரக்கக் குரல் எழுப்பியதால்தான் அது கைவிடப்பட்டது. இவை இரண்டும் படைத்துறை அல்லாத அமைப்புகளின் செயல்கள். வெளிப்படையாகச் செயல்பட்டாக வேண்டிய அமைப்புகளே இப்படி என்றால், 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்தின் நிழலில் ஒரு படைப்பிரிவு இதைச் செய்தால், செய்ததே நமக்குத் தெரியாமல் போகும்.

நம் சமூகத்துக்கு இது ஏட்டளவிலான அச்சம் அன்று. 2019 அக்டோபரில் பன்னிரண்டு பேர், அனைவரும் தமிழர்கள், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில், சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின்கீழ் கைதாகி, பல மாதங்கள் பிணையின்றித் தடுப்புக் காவலில் இருந்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டான்ஸ்ரீ டோமி தோமஸ் அந்த வழக்குகளைக் கைவிட்டார். கைத்தொலைபேசியிலோ ஃபேஸ்புக் கணக்கிலோ புலிகளின் தலைவர் பிரபாகரனுடைய படங்களை வைத்திருப்பதனால் ஒருவன் பயங்கரவாதி ஆகிவிட மாட்டான் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. தீபாவளியைக் குடும்பத்தோடு கொண்டாட முடியாமல் போன அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்? அதே சொஸ்மாவின் 6ஆம் பிரிவு, நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல், சட்டத்துறைத் தலைவரின் ஒப்புதலோடு ஒருவருடைய தகவல்தொடர்பை இடைமறிக்க இன்றும் இடமளிக்கிறது. திரட்டும் கருவி கூர்மையாகும்போது, திரட்டியதைத் தவறாகப் படிக்கும் வாய்ப்பும் பெருகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வேறு வழி இருக்கிறது. 2025 மே மாதம் ஜப்பான் நிறைவேற்றிய சட்டம், தாக்குதல் நடத்தும் கணினிகளைச் செயலிழக்கச் செய்யப் போலீசுக்கும் தற்காப்புப் படைக்கும் அதிகாரம் அளித்தது. கூடவே, முற்றிலும் உள்நாட்டுக்குள் நடக்கும் தகவல்தொடர்பை விலக்கி வைத்து, செய்திகளின் உள்ளடக்கத்தைத் தொடாமல், சுயேச்சையான ஆணையம் ஒன்றின் மேற்பார்வையையும் கட்டாயமாக்கியது. அதிலும் குறை காண்போர் அங்கே உண்டு. ஆயினும் அதிகாரத்தின் எல்லையை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். அரசாங்கக் கோப்புகளைக் கேட்டுப் பெற வழிசெய்யும் மாநில அளவிலான தகவல் சுதந்திரச் சட்டம் பினாங்கில் 2015 முதல் நடப்பில் இருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் கோப்புகளுக்கு அது எட்டாது.

எனவே பினாங்கு மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஆயுதப்படையின் எந்தப் பிரிவுக்காவது பொதுமக்களின் இணையப் போக்குவரத்தைப் பார்க்கும் அதிகாரம் இன்று இருக்கிறதா, இருந்தால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ், யாருடைய எழுத்துப்பூர்வ ஆணையின்பேரில் என்ற கேள்வியை அடுத்த மக்களவைக் கூட்டத்தில் தற்காப்பு அமைச்சரிடம் எழுப்பி, கிடைக்கும் பதிலைத் தங்கள் நாளிதழ் வழியாக எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.