வீட்டு போனை வெட்டிவிடலாமா?

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள கயலுக்கு,

"வாட்ஸ்அப் இருக்கும்போது வீட்டு போனுக்கு எதற்குப்பா மாதாமாதம் காசு?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முப்பது வருடம் டெலிபோன் கேபிள் வேலை பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா அது!

உன் கணக்கு சரிதான். அந்தக் காலத்தில் ஊருக்கு போன் போட்டால், இங்கிருந்து அங்கே வரைக்கும் ஒரு தனிப்பாதையை நமக்கென்று பிடித்து வைப்பார்கள். போக ஒன்று, வர ஒன்று, ஒவ்வொன்றிலும் நொடிக்கு 64 கிலோபிட் தகவல் போகும் அளவுக்கு இடம். சித்தப்பா "சரி... அப்புறம்..." என்று இழுத்தாலும், அத்தை பேசாமல் அழுதுகொண்டு நின்றாலும் பாதை நமக்குத்தான், மீட்டரும் ஓடும். இணையத்தில் பேச்சைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஊரார் படமும் பாட்டும் போகிற அதே சாலையில் விட்டுவிடுகிறார்கள். குரலைச் சுருக்கி அனுப்புவதால் அந்த 64-இல் பாதி இடம்கூட வேண்டாம்.

ஆனால் பில் ஏறியது வேறு இடத்தில். இங்குள்ள கம்பெனி, அழைப்பு போய்ச் சேரும் நாட்டுக் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று பங்கு கொடுக்க வேண்டும். கேபிள் செலவைவிட இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் அதிகம். 2000-இல் இங்கே தொலைத்தொடர்புச் சந்தையை முழுக்கத் திறந்துவிட்டபின் கட்டணம் இறங்கியது. தேக்காவில் ஞாயிறுதோறும் ஊருக்குப் பேச போன் கார்டு வாங்க நின்ற கூட்டம் உனக்கு நினைவிருக்கும். நெட்டிலிருந்து நெட்டுக்குப் பேசினால் அந்தப் பங்கே கிடையாது. சாதாரண எண்ணுக்கு அழைத்தால் ஸ்கைப்கூட காசு வாங்கியதே, அது இதனால்தான்.

இலவசம் என்று மட்டும் சொல்லாதே. மாதாமாதம் நெட்டுக்குக் கட்டுகிறோமே, அது என்னவாம்?

இன்னொன்று. நம் வீட்டு போனும் இப்போது செம்புக் கம்பியில் இல்லை, நெட் வருகிற ஃபைபர் பெட்டியின் முதுகில்தான் செருகியிருக்கிறது. அதுவும் இணைய போன்தான், பழைய சட்டை போட்டிருக்கிறது. முன்பெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாகக் கரண்டு வரும், இருட்டிலும் மணி அடிக்கும். இப்போது வீட்டில் கரண்டு போனால் அதுவும் போச்சு. அதனால் அம்மா "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஆனாலும் வெட்டமாட்டேன். பாட்டிக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். போன மாதம் தேக்கா சந்தையில் எங்களைத் தவறவிட்டபோது, மீன்காரரிடம் அந்த எண்ணைத்தான் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, தம்பி வீட்டில் இருந்தான், எடுத்தான்.

அன்புடன்,
அப்பா