நிறுவும் வழியையும் சேர்த்துக் கொடுங்கள்: கட்டற்ற மென்பொருள் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வர் மென்பொருளை எழுதி எல்லோருக்கும் இலவசமாக வழங்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி வட்டாரத்தில் உழவர் குழுக்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் சிறு நூலகங்களுக்கும் சர்வர் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இவர்களில் யாரும் மாதாமாதம் டாலரில் சந்தா கட்டக்கூடியவர்கள் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் பழைய கணினி ஒன்றில் ஏற்றித்தான் இங்கே விதைநெல் கணக்கும் புத்தகப் பட்டியலும் ஓடுகின்றன. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: மென்பொருளை இவ்வளவு அக்கறையாக எழுதுகிற நீங்கள், அதை நிறுவும் கையேட்டை ஏன் இப்படி மொட்டையாக விட்டுவிடுகிறீர்கள்?

சென்ற சம்பாப் பட்டத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். நீடாமங்கலம் பக்கத்து உழவர் குழு ஒன்றுக்கு இருப்புக் கணக்கு வைக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. சி.ஆர். 1009 விதைநெல் மூட்டைகள் லாரியில் வந்து இறங்குவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். நான் எடுத்துக்கொண்ட மென்பொருளின் கையேடு ஒரே பக்கம்தான். போஸ்ட்கிரஸ் (தகவல்களை அட்டவணைகளாகச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருள்) நிறுவுக, ஒரு தரவுத்தளம் உருவாக்குக, ஒரு பயனரை உருவாக்குக, அந்தத் தரவுத்தளத்தின் மேல் அவருக்கு எல்லா உரிமையும் வழங்குக, அடுத்த கட்டளையை இயக்குக. இயக்கினேன். ‘பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்’, அதாவது ‘பப்ளிக்’ என்ற இடத்தின் மேல் உரிமை இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. எல்லா உரிமையும் கொடுத்த பிறகு எந்த உரிமை இல்லை என்கிறது? கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. "என்ன தம்பி, நாளைக்கு மூட்டை வந்துவிடுமே, கணக்கு ஏறுமா?" என்று குழுவின் செயலாளர் வாசலில் வந்து நிற்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

காரணம் இதுதான். 2022-இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் 15-ஆம் பதிப்பில் ஒரு பாதுகாப்பு மாற்றம் செய்தார்கள். அதுவரை தரவுத்தளத்துக்குள் நுழைய முடிந்த எந்தப் பயனரும் ‘பப்ளிக்’ என்ற பொது இடத்தில் அட்டவணை உருவாக்கலாம். 15 முதல் அந்த உரிமை தரவுத்தளத்தின் உரிமையாளருக்கு மட்டும். தரவுத்தளத்தின் மேல் எல்லா உரிமையும் கொடுத்தாலும் அந்தப் பொது இடத்தின் மேல் உரிமை வந்துவிடாது. தரவுத்தளத்தை உருவாக்கும்போதே அந்தப் பயனரை உரிமையாளராகக் குறிப்பிட்டிருந்தால் போதும், வேலை முடிந்தது. கையேட்டில் ஒரே ஒரு சொல் மாற வேண்டும், அவ்வளவுதான். நல்ல மாற்றம், தேவையான மாற்றம். போஸ்ட்கிரஸ் குழுவினர் அதைத் தங்கள் வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த மென்பொருளை எழுதியவர்களின் கண்ணில் இது ஏன் படவில்லை? அதே குறிப்பில் விடையும் இருக்கிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தினாலும், பழைய தரவுத்தளத்தின் நகலை ஏற்றினாலும், முன்பிருந்த உரிமைகள் அப்படியே நீடிக்கும். ஆகவே பல ஆண்டுகளாக ஒரே கணினியை மேம்படுத்திக்கொண்டே வரும் உங்களுக்கு அந்தப் பிழை வரவே வராது. உங்களிடம் எல்லாம் ஒழுங்காக ஓடும். முதல்முறையாக நிறுவுகிற ஒவ்வொருவருக்கும் அது வரும். கையேடு யாருக்காக எழுதப்பட்டதோ அவரிடம் மட்டுமே தோற்கிறது.

எனக்கு ஆற்றாமையைவிட அச்சம்தான் அதிகம். அந்தப் பிழையைத் தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் ஒன்று, அந்தப் பயனருக்குத் தரவுத்தளத்தின் தலைமை அதிகாரம் முழுவதையும் கொடுத்துவிடு என்பது. கொடுத்தால் பிழை மறைந்துவிடும். பாதுகாப்புக்காகப் பூட்டிய கதவு பெயர்ந்தும் போய்விடும். நேரம் நெருக்க, கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் ஒரு பையன் அதைத்தான் செய்வான். அவன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். குழுவில் உள்ள அத்தனை பேரின் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தத் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, சர்வருடனான இணைப்பைப் பிறர் ஒட்டுக்கேட்காமல் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழ். ‘லெட்ஸ் என்கிரிப்ட் மூலம் சான்றிதழ் பெறுக’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். வழக்கமான முறையில், சான்றிதழை இலவசமாக வழங்கும் அந்த லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் கணினி வெளியிலிருந்து 80-ஆம் போர்ட் (சர்வரின் நுழைவாசல்களில் ஒன்று) வழியாக உங்கள் சர்வரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்களில் பல இணைப்புகளுக்குத் தனிப் பொது முகவரியே கிடையாது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயன் இல்லை. தோற்றதையே மீண்டும் மீண்டும் முயன்றால், ஒரே இணையப் பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 தோல்விகளோடு சிறிது நேரத்துக்குத் தடையும் விழும். டி.என்.எஸ். எனும் இணையப் பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி சேர்த்துச் சான்றிதழ் வாங்கும் மாற்று வழி இருக்கிறது, அதற்கு வெளியிலிருந்து யாரும் உள்ளே வரத் தேவையில்லை. அதைக் கையேட்டில் இரண்டு வாக்கியமாகச் சொல்ல என்ன தடை? டெல்டாவில் தண்ணீர் திறந்ததைக் கல்லணையில் நின்று பார்த்துவிட்டுப் பாசனம் நடக்கிறது என்று யாரும் எழுதிவிட மாட்டார்கள். கடைமடை வயலில் ஈரம் ஏறியதா என்று போய்ப் பார்ப்பார்கள். உங்கள் கையேட்டையும் கடைமடையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நிறுவுவதைப் பற்றியாவது ஒரு பக்கம் இருக்கிறது. மீட்பதைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு இந்த மாவட்டங்களில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நனைந்த கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஊரில் வேறு கணினியில் எல்லாவற்றையும் எழுப்ப வேண்டிய நிலை இங்கே கற்பனை இல்லை. எந்தக் கோப்புகளை நகலெடுக்க வேண்டும், எந்த வரிசையில் திருப்பி ஏற்ற வேண்டும், தரவைப் பூட்டித் திறக்கும் மறையாக்கச் சாவி எந்தக் கோப்பில் இருக்கிறது, அது தொலைந்தால் எது திரும்ப வராது: இவை எழுதப்படாத மென்பொருளை ஓர் அலுவலகத்தின் கணக்குக்கு நம்பி வைப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இதெல்லாம் புதிய ஆசை இல்லை. 1971 நவம்பரில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டை, அதை உருவாக்கிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியபோதே, கட்டளையின் விளக்கத்தோடு அதன் குறைகளைச் சொல்ல ஒரு பகுதியும், அதற்குப் பொறுப்பானவர் யார் என்று சொல்ல ஒரு பகுதியும் வைத்தார்கள். எது சரியாக ஓடாது என்பதை எழுதியவரே முன்னால் வந்து சொன்னார். அந்த நேர்மை இன்றும் பின்பற்றக்கூடியதுதான். போஸ்ட்கிரஸ் கையேட்டின் பின்னிணைப்பில் பிழைக் குறியீடுகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. 42501 என்றால் உரிமை போதவில்லை, 28பி01 என்றால் கடவுச்சொல் தவறு. தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் இது முடியாது என்று சொல்ல இடமே இல்லை.

ஐயம் கேட்டால் உரையாடல் அறைக்கு வாருங்கள் என்கிறீர்கள். அங்கே கிடைக்கும் பதில் அன்றைக்கே மேலே ஓடிப் போய்விடுகிறது. அடுத்த வாரம் அதே கேள்வியோடு வருகிறவர் தேடினாலும் அகப்படுவதில்லை. இரண்டாவது முறை ஒரே கேள்வி வந்தால் அது கையேட்டுக்குள் போக வேண்டும்.

உங்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலை முடித்து வந்து இரவில் எழுதுகிறீர்கள், சம்பளம் இல்லை, குறை சொல்லும் மடல்கள் மட்டும் வருகின்றன. ஆகையால் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடும் முன், ஒன்றுமே நிறுவாத வெற்றுக் கணினியில், அந்த மென்பொருளை எழுதாத ஒருவரை உட்காரவைத்துக் கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்றாலும் அந்த இடத்தைத் திருத்துங்கள். எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று பக்கத்தின் தலையில் எழுதுங்கள். உட்கார ஆள் இல்லையென்றால் நாங்கள் இருக்கிறோம். இந்த வட்டாரத்தில் இதே வேலை செய்யும் நண்பர்கள் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பழைய கணினிகளும் எங்களிடம் உண்டு. திருத்தங்களை நாங்களே எழுதி அனுப்புகிறோம், தமிழிலும் எழுதித் தருகிறோம். அனுப்பிய திருத்தம் மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடக்காமல் இருக்க, கையேட்டைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று ஒருவரின் பெயரை மட்டும் அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஒரு சர்வர் பராமரிப்பாளர்