அக்கா கிணற்றடி வரை நடந்தாள்

புளியரை,
தை 3

அன்புள்ள சுப்பையா,

ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை, கோபப்படாதே. ஆவணியில் வேலம்மாக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். உடனே திருவனந்தபுரம் கொண்டுபோனோம், உயிர் தப்பியது. நேற்றுக் காலை வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு, என் கையையும் தட்டிவிட்டுக் கிணற்றடி வரை தனியாக நடந்துபோனாள். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வீட்டுக்கு வந்த புதிதில் உட்காரவைத்தால் சாய்ந்துவிடுவாள். இடது பாதம் தொங்கி, விரல்நுனி தரையில் இழுபடும். ஆளாளுக்கு ஒரு யோசனை. கோட்டைவாசல் தாண்டிக் கேரளாவுக்குப் போய், எண்ணெய் ஊற்றித் தேய்க்கும் பிழிச்சல் வைத்தியம் செய் என்றார்கள். புனலூர் மாமா, இடுப்பில் பட்டை கட்டித் தூக்கிப் பிடித்தபடி டிரெட்மில்லில் நடக்கவைப்பார்களாம், வயலை விற்றாவது கொண்டுபோ என்றார். நானும் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

தென்காசியிலிருந்து வரும் பிசியோ பெண்தான் தடுத்தாள். அமெரிக்காவில் பக்கவாதம் வந்த 408 பேரிடம் அந்த டிரெட்மில் பயிற்சியையும், பிசியோ வீட்டுக்கே வந்து தரும் பயிற்சியையும் ஒப்பிட்டு 2011-ல் முடிவு வெளியிட்டார்களாம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நடையில் வித்தியாசமே இல்லை. "எண்ணெய் உடம்புக்கு இதம் அண்ணாச்சி. நடந்தாத்தான் நடை வரும்" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டு முன்பக்கத் தார்சாதான் எங்கள் ஆஸ்பத்திரி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ வேண்டும். இடது பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்தால்தான் பாரம் அந்தக் காலில் இறங்கும். முதலில் ஐந்து தடவை, இப்போது முப்பது. சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடை, வாசற்படியில் ஏறி இறங்குவது, பாதம் தொங்காமலிருக்க ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை. மூளையில் செத்த இடம் செத்ததுதான். மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குத் திரும்பத் திரும்பச் செய்வது ஒன்றே வழி. சமநிலைக்கு 14 சோதனை வைத்து மார்க் போடுகிறார்கள். முதலில் 56-க்கு 19, உன் பத்தாம் வகுப்புக் கணக்கு மாதிரி. போன வாரம் 41!

நடுவில் ஒருநாள் போன் அடித்ததென்று கையை விட்டேன், விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் உன் பயம் எனக்குப் புரிகிறது.

சுப்பையா, ராசுவை ஏன் இன்னும் படுக்கையிலேயே வைத்திருக்கிறாய்? அவனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, இனி என்ன என்று சொன்னாயாம், கோமு சொன்னாள். அந்த 408 பேரில் ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் டிரெட்மில் பயிற்சியே தொடங்கினார்கள். வருட முடிவில் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். படுத்தே கிடந்தால் இருக்கிற பலமும் போய்விடும்.

டாக்டரிடம் பிரஷரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அப்புறம் அவனைக் கூட்டிக்கொண்டு வா. வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வருவாள். செங்கோட்டையில் இறங்கு, ஆட்டோவோடு நிற்கிறேன். கையில்லாத நாற்காலி இன்னொன்று வாங்கிப் போட்டாயிற்று.

உன்,
சண்முகம்