பெயின்ட் அடிக்கலன்னா என்ன, வண்டிய வெளிய எடு மக்களே

மக்களே,

நேத்து மிச்சிகன்லேர்ந்து போன்ல நீ சொன்னதுக்கு அப்பவே பதில் சொல்லிருப்பேன், ஆனா உங்கம்மா பக்கத்துல இருந்து அங்க குளிர் எப்படி, ராத்திரி என்ன சாப்பிட்டான்னு கேட்டுட்டே இருந்தா, அதுக்குள்ள நீயும் வேலைக்கு நேரமாச்சுன்னு வச்சிட்ட. அதான் உக்காந்து டைப் பண்றேன். நீ பிரிச்சு சரி பண்ணிட்டு இருக்கிற 69 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கார, பெயின்ட் அடிச்சு முடிக்கிற வரைக்கும் கராஜ விட்டு வெளிய எடுக்க மாட்டேன்னு சொன்னியே, அது எனக்கு சரியா படல.

ஆகஸ்ட்ல டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூல நடந்தத நீ சொல்லும்போ உன் குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை அந்த ரோட்டுல பழைய வண்டியெல்லாம் வரிசையா ஓடுமாமே, 1995-லேர்ந்து நடக்குதாமே, நானும் யூடியூப்ல பாத்தேன், ரோட்டோரம் நாற்காலி போட்டு ஜனங்க உக்காந்திருக்காவ, நம்ம சுசீந்திரம் தேரோட்டத்துக்கு கூட அவ்வளவு கூட்டம் வருமான்னு தெரியல. அங்க உன் பக்கத்துல ஒருத்தர் செவப்பு செவெல் வண்டி, கண்ணாடி மாதிரி பாலிஷ், அதுக்கு நேரா உன் வண்டி, பெயின்டுக்கு அடியில அடிக்கிற சாம்பல் கலர் பிரைமர், ஒரு பக்கம் ஃபென்டர் மட்டும் கறுப்பு, உள்ள டோர் பேட் கூட இல்ல. எல்லாரும் அந்த வண்டிய போட்டோ எடுத்துட்டு உன் வண்டிகிட்ட வந்து எப்ப முடிப்ப, எவ்வளவு செலவாச்சு, விக்கிறியா, இது உன் வீட்டுக்காரர் வண்டியான்னு கேட்டத நீ அவமானமா எடுத்துக்கிட்ட. எனக்கு அது அப்படி தெரியல மக்களே. நானும் முடிக்காத வண்டியத்தான் ஓட்டிட்டு இருக்கேன், உனக்கு தெரியும், அதனால கேட்டதை வச்சு சொல்லல, பாத்தத வச்சு சொல்றேன்.

நம்ம பழைய ஹிந்துஸ்தான் கான்டெஸா கார் இப்பவும் அப்படியேதான் நிக்குது. டிங்கரிங் வேலை பின்பக்கம் மட்டும் பாக்கி, ஒரு டோர் நீலம், அது வேற வண்டியிலேர்ந்து கழட்டினது, மத்ததெல்லாம் பிரைமர். அதுலதான் காலையில வடசேரி சந்தைக்கு போறேன், உங்கம்மாவ கூட்டிட்டு தோவாளைக்கு பூ வாங்க போறேன். வடசேரியில நிப்பாட்டினா மூணு பேராவது வருவாவ. என்ன அண்ணாச்சி ஆக்சிடென்ட் ஆயிட்டா, இதுக்கு ஸ்பேர் இப்ப கிடைக்குதா, இசுசு இன்ஜினா, அம்பாசடர் இன்ஜினான்னு. இந்த கடைசி கேள்விய கேக்குறவன் வண்டி தெரிஞ்சவன். மொதல்ல வந்த கான்டெஸாவுல அம்பாசடரோட 1489 சிசி இன்ஜின்தான், அவ்வளவு பெரிய உடம்ப அது இழுக்க கஷ்டப்படும், பொறவுதான் 1.8 லிட்டர் இசுசு வந்து வண்டிக்கே உயிர் வந்துச்சு. 1984-லேர்ந்து 2002 வரைக்கும் வங்காளத்துல உத்தர்பாராவுல போட்டாவ, டிசைன் என்னவோ இங்கிலாந்து வாக்ஸ்ஹால் விக்டர் காரோடது. இதெல்லாம் நான் சொல்றதுக்கு முன்னாடி ஒரு பையன் எனக்கு சொன்னான், பாலிடெக்னிக் படிக்கிற பையன், வயசு இருவது கூட இருக்காது, அந்த வண்டி நின்னு போன பொறவு பொறந்தவன். பானட்ட தொறந்து காட்டினேன், அவன் மொகத்த நீ பாத்திருக்கணும்.

தோவாளை பூச்சந்தையில ஒரு அம்மா, பிச்சிப்பூ கட்டுறவிய, ஓரமா நிக்கிற வண்டிகிட்ட வந்து நீல டோர தொட்டு பாத்துட்டு, எங்க கல்யாணத்துக்கு இந்த வண்டியிலதான் மறுவீடு போனோம், வெள்ளை கலர்னு சொன்னாவ. பொறவு கொஞ்ச நேரம் உங்கம்மாகிட்ட அந்த கல்யாணத்தப் பத்தியே பேசிட்டு இருந்தாவ, பூவுக்கு காசு வாங்க மறந்துட்டாவ, நான்தான் கையில குடுத்தேன். குலசேகரம் பக்கத்துல ஒரு பெரியவர், அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஃபேக்டரியில, டிரைவரா இருந்தவர், முதலாளி கான்டெஸாவ ஓட்டினவராம், திருவனந்தபுரத்துக்கு எத்தன மணிக்கு கிளம்பி எத்தன மணிக்கு சேருவோம், களியிக்காவிளையில எங்க சாயா குடிப்போம், எல்லாம் சொன்னாரு. ஸ்டியரிங்ல உக்காருங்கன்னு சொன்னேன். உக்காந்து கியர் ராட ரெண்டு தடவை மாத்தி பாத்தாரு, ஒண்ணும் பேசல, எறங்கி என் கைய பிடிச்சிட்டு போயிட்டாரு.

இது பளபளன்னு இருக்கிற வண்டிக்கு நடக்காது, நான் பாத்திருக்கேன். முழுசா ரெடி பண்ணின வண்டிகிட்ட ஜனங்க கைய பின்னாடி கட்டிட்டு நிப்பாவ, ஒரு போட்டோ, நல்லாருக்கு சார், முடிஞ்சுது. பாதி கட்டின வீட்டுக்குள்ள அக்கம்பக்கத்து ஆள் எல்லாம் தாராளமா நுழைஞ்சு அடுக்களை எங்க வருது, படி எந்த பக்கம்னு கேட்டுட்டு போவாவல்ல, பால் காய்ச்சின பொறவு அதே ஆள் வாசல்ல நின்னு கூப்பிடுவாவ, அது மாதிரித்தான் இது. உன் வண்டிய தொட்டாவ, கேள்வி கேட்டாவன்னா அவியளுக்கு உள்ள வர இடம் இருந்துச்சுன்னு அர்த்தம்.

நீயே சொன்னியே, பெட்ரோல் பங்க்ல ஒரு வயசான கறுப்பின தாத்தா முன் கண்ணாடி வழியா டேஷ்போர்டு மேல இருக்கிற சேசிஸ் நம்பர் தகட்ட குனிஞ்சு வாசிச்சாருன்னு. 9-க்கு அடுத்து F-ன்னு பாத்ததும் சிரிச்சிட்டாருன்னு. 69-ல மஸ்டாங்க மூணு ஊர்ல போட்டாவ, டியர்பார்ன், சான் ஹோஸே, மெட்டுச்சன், அதுல F-ன்னா டியர்பார்ன், உங்க மிச்சிகன்ல இருக்கிற ஃபோர்டோட ரூஜ் ஃபேக்டரி. அவர் அங்க வேலை பாத்தவராம். உன் வண்டியோட ஒரு போல்ட்ட அவர் முறுக்கிருக்கலாம், இல்லாம இருக்கலாம், அதில்ல விஷயம். அம்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டி, செஞ்ச ஊர்லயே செஞ்ச ஆள் முன்னாடி போய் நிக்குது, அத ஓட்டிட்டு வந்தது நாகர்கோவில்ல பொறந்த ஒரு பொண்ணு. கராஜ்ல பூட்டி வச்சிருந்தா அந்த மனுஷன நீ பாத்திருப்பியா? எனக்கு இத நெனைச்சாலே சந்தோஷமா இருக்கு, ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்லியும் ஆச்சு.

அந்த வீட்டுக்காரர் வண்டியான்னு கேக்குற கேள்விக்கு எனக்கு கோபம் வருது, மறைக்க மாட்டேன். ஆனா அதுக்காக நீ வெளிய வராம இருந்தா கேட்டவன் நெனைச்சதே உறுதியாயிரும். கேட்டா வெறுமனே என் வண்டின்னு மட்டும் சொல்லாத, 302 இன்ஜின், ரெண்டு பேரல் கார்புரேட்டர், நான்தான் கழட்டி கிளீன் பண்ணி மாட்டினேன், ஐடில் ஸ்க்ரூ இன்னும் சரியா நிக்கல, உங்களுக்கு தெரியுமான்னு திருப்பி கேளு. தெரிஞ்சவன் நின்னு பேசுவான். தெரியாதவன் போயிருவான். வீடு எங்க, வண்டிய எங்க நிப்பாட்டுவன்னு கேக்குறவன்கிட்ட மட்டும் பதில் சொல்லாத, போட்டோல வீட்டு நம்பர் தெரியாம பாத்துக்கோ, இத நான் பயந்துட்டு சொல்றேன்னே வச்சுக்கோ.

இன்னொண்ணு, நாலு பேர் பாக்குறாவன்னு அவசரப்பட்டு பெயின்ட் அடிச்சிராத. இதுதான் எனக்கு பெரிய கவலை. உங்க ஊர்ல பனிக்காலத்துல ரோட்டுல உப்பு போடுறாவ, இங்க கடல் காத்துலயே உப்பு, ரெண்டுக்கும் இரும்பு ஒண்ணுதான். துரு இருக்கிற இடத்த வெட்டி எடுத்து புது தகடு வெல்ட் பண்ணாம மேல பட்டி போட்டு தேச்சு பெயின்ட் அடிச்ச வண்டிய டிப்போவுல வேலை பாத்த காலத்துலேர்ந்து பாக்குறேன், ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த மழையில டோர் அடியில கொப்புளம் கொப்புளமா கிளம்பும். நமக்கு இடவப்பாதி, அதான் ஜூன் மாச மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, வருஷத்துக்கு ரெண்டு பரீட்சை. சாதாரண பிரைமர் தண்ணிய உறிஞ்சும் மக்களே, மேல பெயின்ட் இல்லாம வெளிய போட்டா அடியில துரு பிடிக்கும், எபாக்ஸி பிரைமர்னா தண்ணிய உள்ள விடாது. நீ என்ன அடிச்சிருக்கன்னு டப்பாவ பாத்து சொல்லு. சாதாரணமா இருந்தா மழையில எடுக்காத, ரோட்டுல உப்பு போட ஆரம்பிச்சதும் உள்ள வச்சிரு, வசந்தத்துல நல்லா மழை பெஞ்சு ரோடு கழுவின பொறவு எடு. அது காலநிலைக்காக உள்ள வைக்கிறது, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வெக்கப்பட்டு வைக்கிறதத்தான் வேண்டாம்ங்கிறேன்.

இப்ப ஓட்டுறதப் பத்தி. இத ரெண்டு தடவை வாசி.

சுசீந்திரம் தாண்டி கன்னியாகுமரி போற ரோட்டுல என் பக்கத்துலயே பைக்ல வந்து பின்னாடி இருக்கிறவன் போன்ல வீடியோ எடுப்பான், ஓட்டுறவனும் ரோட்ட பாக்காம என் வண்டியத்தான் பாப்பான். எதுத்தாப்புல டூரிஸ்ட் பஸ் வரும். நான் அவன்கூட சேந்து ஓட்ட மாட்டேன், கை காட்ட மாட்டேன், ஆக்ஸிலேட்டர பைய விட்டுருவேன், அவன் முன்னாடி போயிருவான். உனக்கும் ஹைவேயில இதே நடக்குதுன்னு சொன்ன. அவன் உன் கண்ண பாக்கணும்னு நெனைப்பான், நீ பாக்காத. சிரிக்கணும்னா சிக்னல்ல நின்னு சிரிக்கலாம்.

அப்புறம் ரேஸ் குடு, சவுண்ட் கேக்கணும்னு கத்துவானுங்க. இங்கயும் உண்டு, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா சமயத்துல செட்டிகுளம் பக்கம் கூட்டத்துல மாட்டி நின்னப்ப பயலுக சுத்தி நின்னு கத்தினானுங்க. என் இன்ஜினுக்கு ரேஸ் குடுத்தா சத்தம்தான் வரும். உன் வண்டி அப்படி இல்ல, 220 குதிரைசக்தி, பின் சக்கர டிரைவ், பின்னாடி லீஃப் ஸ்பிரிங், எடையெல்லாம் முன்னாடி இன்ஜின்ல, பின்பக்கம் லேசு. டயர் சூடாகாம இருக்கும்போ கூட்டத்த விட்டு கிளம்புறப்ப வேகமா மிதிச்சா வால் ஒரு பக்கம் வீசிரும், இந்த காலத்து கார் மாதிரி அத புடிச்சு நிறுத்த கம்ப்யூட்டர் கெடையாது. ரோட்டோரம் நிக்கிறது உன் வண்டிய ஆசையா பாக்க வந்த ஜனம், பிள்ளைகளும் நிக்கும். கூட்டத்த விட்டு கிளம்பும்போ உலகத்துலயே மெதுவா கிளம்புற வண்டி உன்னோடதா இருக்கட்டும். அதுல எனக்கு விட்டுக்குடுக்கவே முடியாது.

முடிக்காத வண்டின்னா பெயின்ட் முடியலன்னுதான் இருக்கணும், பிரேக் முடியலன்னு இருக்கக்கூடாது. உன்னோடதுல நாலும் டிரம்மா இல்ல முன்னாடி டிஸ்க்கான்னு நீ இன்னும் சொல்லல, 69-ல டிஸ்க் தனியா காசு குடுத்து வாங்கினவியளுக்குத்தான் இருந்துச்சு. டிரம்முன்னா தண்ணியில நனைஞ்சாலும் எறக்கத்துல சூடானாலும் பிடிக்காது, அத மனசுல வச்சு முன்னாடி போற வண்டிகிட்ட எடம் விடு, அவன் உன்ன பாக்கவே திடீர்னு ஸ்லோ பண்ணுவான். பானட் லாக்க அசைச்சு பாரு, கழட்டி மாட்டின பானட் ஹைவேயில தொறந்தா முன் கண்ணாடி முழுக்க மூடிரும். இன்ஜினுக்கும் உள்ளுக்கும் நடுவுல இருக்கிற தகடு, அந்த ஃபயர்வால்ல வயர் போற ஓட்டையெல்லாம் ரப்பர் போட்டு அடைச்சியா? டிக்கி மூடிய சுத்தி ரப்பர் பீடிங் போட்டியா? டிரிம் இல்லாத வண்டியில இதுதான் கண்ணுக்கு தெரியாத ஆபத்து, சைலன்ஸர் புகை உள்ள வரும், அதுல கலந்திருக்கிற விஷவாயுவுக்கு மணம் கெடையாது, தலைவலி வந்தா குளிர்னு நெனைச்சு கண்ணாடிய ஏத்தி விட்டுராத, ஓரமா நிப்பாட்டி எறங்கிரு. இங்க பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிய அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டு போய் காட்டி ஆர்.சி. புதுப்பிக்கணும், ஒரு ஆளாவது லைட் எரியுதா பிரேக் பிடிக்குதான்னு பாப்பாவ. உங்க மிச்சிகன்ல அந்த சோதனையே இல்லன்னு நீ சொன்ன. அப்ப அந்த ஆபீசர் நீதான், கண்டிப்பா இரு.

போலீஸ் நிப்பாட்டுறதும் நடக்கும், அதுவும் ஒருவகை பார்வைதான். ஆரல்வாய்மொழி தாண்டி காத்தாடி நிக்கிற எடத்துல என்னை நிப்பாட்டினாவ, ஆர்.சி.யில வெள்ளைன்னு இருக்கு, வண்டி சாம்பலும் நீலமுமா நிக்குதேன்னு. கேக்குறது நியாயம்தான். பேப்பர் எல்லாம் கையில இருந்துச்சு, வேலை நடக்குது சார், முடிஞ்சதும் வெள்ளையே அடிப்பேன்னு சொன்னேன், வண்டிய ஒரு சுத்து சுத்தி பாத்துட்டு விட்டுட்டாரு. நீயும் பேப்பர டேஷ்போர்டுக்குள்ள கவர் போட்டு வை, வாங்கின ரசீதும் சேத்து.

வர்ற ஞாயிறு மழை இல்லன்னா எடுத்துட்டு போ. தூரமா வேண்டாம், அந்த பங்க் வரைக்கும் போனா போதும். யாராவது வந்து எப்ப முடிப்பன்னு கேட்டா மணி கேட்ட மாதிரி நெனைச்சுக்கோ, அடுத்தது பின் குவார்ட்டர் பேனல், பின் சக்கரத்துக்கு மேல வர்ற தகடுன்னு சொல்லு, எந்த வேலை நடக்குதுன்னு சொன்னா பேச்சு தானா ஓடும். தாத்தாவ மறுபடி பாத்தா ரூஜ்ல எந்த லைன்ல இருந்தாருன்னு கேட்டு எனக்கு சொல்லு, எனக்கு தெரிஞ்சுக்கணும்.

அம்மாகிட்ட சொல்லி நேந்திரங்கா உப்பேரி வறுத்து வைக்கச் சொல்லிருக்கேன், டிசம்பர்ல வர்ற ஆள்கிட்ட குடுத்து விடுறேன். பிரேக் டிரம்மா டிஸ்க்கா, பிரைமர் என்ன பேரு, டிக்கி பீடிங் போட்டியா, இந்த மூணுக்கும் நாளைக்கே வாட்ஸ்அப்ல பதில் போடு.

அப்பா