பிள்ளைகளுக்கு முதல் பந்தி

அன்புள்ள மக்களே,

சின்னவன் சிறுவர் ஞாயிறுக்கு வசனம் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருந்தாய். நேற்று இங்கே சமோவாவின் தலைநகர் ஆபியாவில் பார்த்ததைச் சொல்கிறேன், கேள்.

இந்தப் பசிபிக் தீவு நாட்டில் அக்டோபர் இரண்டாம் ஞாயிறு பிள்ளைகளின் நாள். வெள்ளை ஞாயிறு என்கிறார்கள். மறுநாள் நாடு முழுக்க விடுமுறை. அதனால்தான் இன்று சாவகாசமாக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மா தங்கள் சபைக்குக் கூப்பிட்டார். எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளை. நான் வெள்ளைப் புடவை, அப்பா வேட்டி. போலீஸ்காரர்கூட இடுப்பில் துணி கட்டும் ஊர் இது, அப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்! ஆராதனையும் அந்நியமாகத் தெரியவில்லை. நம்ம குமரி மாவட்டத்து மயிலாடிக்கு ரிங்கல்தௌபே போதகரை அனுப்பிய லண்டன் மிஷனின் ஆள்தான் 1830-இல் இங்கே சவாயி தீவில் வந்து இறங்கிய மிஷனரி ஜான் வில்லியம்ஸ். ஆனால் பாட்டு மட்டும் நம்மிடம் இல்லாத பாட்டு. ஆணும் பெண்ணும் குரல் பிரித்துப் பாடினால் கூரை அதிர்கிறது.

அன்றைக்கு ஆராதனையே பிள்ளைகள் கையில். வசனம், பாட்டு, வேதாகமக் கதைகளை வைத்து நாடகம். நாலு வயசுப் பையன் ஒருவன் பாதியில் மறந்துவிட்டான். முன்வரிசைப் பாட்டி சத்தமாக எடுத்துக் கொடுத்தார். அவன் கையை உதறி, 'நீ சும்மா இரு' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். சபை முழுக்கச் சிரிப்பு. இன்னொரு குட்டி அழுதே விட்டாள். அவள் அம்மா போய்ப் பக்கத்தில் நின்று, கூடவே சொல்லி முடித்தாள். நம்ம ஊர் என்றால் மேஜையில் சோப்புப் பெட்டியும் எவர்சில்வர் தட்டும் பரிசுக்குக் காத்திருக்கும், பிள்ளைக்கு நாக்கு உலர்ந்துவிடும். நீயும் அவனோடு மேடையில் போய் நின்றால் என்ன? நம் சபைப் போதகர் ஐயர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அப்புறம் சாப்பாடு. மற்ற ஞாயிறுகளில் பெரியவர்கள் பாயில் உட்கார, பிள்ளைகள் பரிமாறி, விசிறி, கடைசியில்தான் சாப்பிடுவார்கள். நேற்று தலைகீழ். குடும்பத் தலைவர், மாத்தாய் என்பார்கள், அவரே தட்டு ஏந்தி வந்தார். பத்து வயசுப் பெண் ஒருத்திக்கு உட்கார்ந்து சாப்பிடவே தெரியவில்லை. தண்ணீர் எடுக்க எழுந்துகொண்டே இருந்தாள், அத்தைக்காரி பிடித்து உட்கார வைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது.

சாப்பாட்டில் பன்றி இறைச்சி, சேப்பங்கிழங்கு, சேமியா மாதிரி ஒன்று, ஐஸ்கிரீம். எல்லாவற்றையும் விட பலுசாமி! இளம் சேம்பிலையில் கெட்டித் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துப் பொதிந்து, சுட்ட கற்களின் மேல் அடுக்கி, வாழையிலை போட்டு மூடி வேக வைக்கிறார்கள். நம் வீட்டுப் பின்பக்கம் சேம்பு நிற்கிறதே, இட்லிச் சட்டியில் செய்து பார். நன்றாக வேகட்டும், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்.

சனிக்கிழமை போன் பண்ணு. அங்கே காலை எட்டரை என்றால் இங்கே மாலை நாலு. சின்னவனிடம் கொடு, அந்தப் பையன் பாட்டியை முறைத்த கதையை நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா