செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 11 முறை கூடியது. சம்ப் இரண்டு முறை கழுவப்பட்டது, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் மாடிகளுக்கு இடையிலான சத்தத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். இந்த ஆண்டு நம்மிடையே மனக்கசப்பை உண்டாக்கியது அதுதான்.

பி பிளாக் 3ஆம் மாடியில் இரவு பதினொரு மணியை ஒட்டியும் விடியற்காலையிலும் தலைக்கு மேல் ‘டொம்’ என்று ஒரு சத்தம். மேல் வீட்டில் எதையோ தூக்கிப் போடுகிறார்கள் என்று புகார் வந்தது. அவர்களோ, “பத்து மணிக்கே படுத்துவிடுகிறோம்” என்றார்கள். இரண்டு வீட்டாரும் போனில் டெசிபல் செயலியை இறக்கி வாட்ஸ்அப் குழுவில் மாறி மாறிப் படம் போட்டார்கள். லிஃப்டில் பார்த்தால்கூடப் பேசிக்கொள்ளாத நிலை.

முதலில் இரண்டு போன்களையும் சங்க அறையில் ஒரே மேசைமேல் வைத்துப் பார்த்தோம். ஒரே சத்தத்துக்கு 7 டெசிபல் வித்தியாசம் காட்டின. போன் மாறினால் எண்ணும் மாறும். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, இரு வீட்டிலும் 8 இரவுகள் ஒரே சமயத்தில் அளந்தோம். வீட்டுப் பேச்சு எதுவும் பதிவாகக் கூடாது என்பதால் நேரமும் டெசிபலும் மட்டுமே குறிக்கப்பட்டன.

எண்களை வைத்து எதுவும் பிடிபடவில்லை, நேரம்தான் கைகொடுத்தது. இரு வீட்டுப் போனிலும் சத்தம் ஒரே நொடியில் ஏறியிருந்தது. தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் நேரத்தை வாட்ச்மேன் பென்சிலால் எழுதும் நோட்டை எடுத்து ஒப்பிட்டோம். மோட்டாரை நிறுத்திய நேரமும் ‘டொம்’ கேட்ட நேரமும் ஒன்றாக இருந்தன. கரண்ட் போய் மோட்டார் ஓடாத இரவில் சத்தமே இல்லை. மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பி இறங்க, அதைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு அடித்து மூடியிருக்கிறது. அந்த அதிர்ச்சி, குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் வழியாகப் படுக்கையறைச் சுவரில் இறங்கியிருக்கிறது. ஸ்பிரிங் வால்வு மாற்றி, கிளாம்புகளுக்கு அடியில் ரப்பர் வைத்ததும் சத்தம் நின்றது.

ஆக, தவறு சங்கத்தின் மோட்டாரில் இருந்தது. பழி 4ஆம் மாடிக் குடும்பத்தின்மேல் விழுந்தது. அவர்களிடம் இந்தச் சபையில் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏ பிளாக்கில் வந்த புகார் நேர்மாறானது: கீழ் வீட்டுச் சத்தம் மேலே கேட்டது. கூரைக் கொக்கியில் தொங்கும் ஊஞ்சல்தான் காரணம். அந்தக் கூரைதானே மேல் வீட்டுக்குத் தரை! கொக்கிக்கு ரப்பர் வளையம் போட்டார்கள், இரவு பத்துக்கு மேல் ஆடுவதில்லை என்று அந்தக் கீழ் வீட்டு மாமி தாமாகவே சொல்லிவிட்டார்.

ஒன்றை உறுப்பினர்கள் மனதில் வைக்க வேண்டும். போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. குதிப்பது, குதிகால் ஊன்றி நடப்பது போன்ற கனத்த சத்தத்தை அது குறைத்தே காட்டக்கூடும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ள பகல் 55, இரவு 45 டெசிபல் என்பது குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு, மேல் வீட்டுக் காலடிக்கானது அல்ல. தென் கொரியாவில் மாடிச் சத்தத்துக்கென்றே விதி இருக்கிறது. 2023 முதல் அங்கே காலடி போன்ற சத்தத்துக்கு 1 நிமிடச் சராசரி பகலில் 39, இரவில் 34. நமக்கு அப்படி ஒன்று இல்லாததால், போன் எண்ணைக் காட்டி யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம். சத்தம் கேட்ட நேரத்தைக் குறித்து செயற்குழுவிடம் கொடுங்கள், சேர்ந்து தேடுவோம்.

ஏ, சி பிளாக்குகளிலும் வால்வு மாற்ற இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்