ஆத்தாளுக்குப் போடும் மருந்து

சிவமயம்
காரைக்குடி

அன்பு மகள் மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதுவது.

ஆத்தாளுக்குக் கீமோ கொடுக்கிறார்களா என்று போனில் கேட்டாய். அவள் பக்கத்திலேயே இருந்ததால் விவரமாகப் பேச முடியவில்லை. கீமோ இல்லையம்மா, இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்மேல் ஏவும் சிகிச்சை. மருந்தின் பெயர் பெம்ப்ரோலிசுமாப். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரையில் அரை மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். முடி கொட்டவில்லை. மறுநாளே உட்கார்ந்து கொட்டான் பின்னுகிறாள்.

வெயிலில் நிற்காதவளுக்குத் தோல் புற்றுநோய் எப்படி என்றாய். அவளுக்கு வந்திருக்கும் தோல் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். அது நம் நிறத்தவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில்தான் வரும். அதற்கு வெயில் காரணமில்லை. குதிகால் பக்கம் மிளகளவு கறுப்பாக இருந்ததை முள் குத்திய தழும்பு என்றே நினைத்திருந்தாள்.

புற்றணுவைக் கொல்ல நம் ரத்தத்திலேயே டி செல் என்ற வெள்ளை அணு இருக்கிறது. அது நம் உடம்பையே தாக்கிவிடாமல் அடக்கிவைக்க அதன் மேல் பிடி-1 என்று ஒரு புரதம். புற்றணு அதைத் தொட்டு டி செல்லை அடக்கிவிடுகிறது. கல்யாண வீட்டில் திருடன் 'நானும் பங்காளிதான்' என்று சொல்லி உள்ளே போவதைப் போல. இந்த மருந்து ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம். பிடி-1 மேல் போய் உட்கார்ந்து மறைத்துக்கொள்ளும். அப்புறம் புற்றணுவின் பாசாங்கு பலிக்காது. கொல்வது மருந்தல்ல, ஆத்தாளின் டி செல்தான்.

பிடி-1ஐ 1992இல் கண்டுபிடித்தது ஜப்பானின் ஹோஞ்சோ குழு. இதே வழியில் வேறொரு தடையை நீக்கிக் காட்டியவர் அமெரிக்காவின் அலிசன். இருவருக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல் மெலனோமா மூளைவரை பரவியிருந்தது. ஆபரேஷன், கதிர்வீச்சோடு இதே மருந்தும் கொடுத்தார்கள். 100 வயதுவரை இருந்தார். உள்ளங்கால் வகைக்கு இது அந்தளவு கேட்பதில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் முயல வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் கவலை வேறு. அவிழ்த்துவிட்ட டி செல் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும்கூடத் தாக்கலாம். வயிற்றுப்போக்கு வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஸ்டீராய்டு தேவைப்படலாம். இவளோ ஓமத்தண்ணி குடித்துவிட்டு வாயே திறக்க மாட்டாள். என்னிடம் மறைப்பதை உன்னிடம் சொல்லிவிடுவாள். தினமும் பேசும்போது வயிறு எப்படி, இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று கேள். ஏதாவது சொன்னால், ராத்திரியானாலும் எனக்கு உடனே போன் செய்.

அப்பச்சி